பத்தியம் சொல்லும் உத்தியோகம்

சென்னை மாகாணத்தில் வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1914-லும், செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கான சட்டம் 1926-லும் வந்துவிட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் பல் வைத்தியருக்கும் மருந்தாளுநருக்கும் மத்திய சர்க்கார் தனித்தனியே சட்டம் இயற்றிற்று. ஆனால் நோயாளி எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று நிர்ணயித்துச் சொல்லுகிற எங்களைப் பற்றிச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறுவதற்கு 2021-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புக்குள்ளேயே மதுரையில் கழிந்துவிட்டபடியால், யாரும் யாரையும் பதிவு செய்யாத ஒரு தொழிலில் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை ஒருவாறு சொல்ல எனக்கு அருகதை உண்டென்று நினைக்கிறேன்.

நான் படித்த காலத்தில் மனையியல் என்றால் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்பதே பொது அபிப்பிராயம். கோயம்புத்தூரில் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரியைப் பெரிய ஸ்தாபனமாக வளர்த்து, ஊட்டச்சத்து என்பது சமையல் குறிப்பு அல்ல, கணக்கும் ரசாயனமும் கலந்த ஒரு சாஸ்திரம் என்று நிலைநாட்டியிருந்தார்கள். மதுரையிலேயே 1980-ல் வேளாண் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி தொடங்கிற்று. இவ்வளவும் இருந்தும், பெண் பார்க்க வந்தவர்கள் என் தகப்பனாரிடம், "அப்போ பொண்ணு நல்லா சமைக்கும்னு சொல்லுங்க" என்று திருப்தியோடு தலையசைத்தார்களேயன்றி, அந்தப் படிப்பினால் ஓர் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் கிடைக்கும் என்பதை ஒருவரும் நம்பவில்லை.

இந்தச் சாஸ்திரம் நமக்கு அந்நியமானதும் அல்ல. நமது குன்னூரில்தான் ராபர்ட் மக்காரிசன் என்ற ஐரிஷ் டாக்டர் முதல் மகாயுத்தம் முடிகிற சமயத்தில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கி, பிறகு இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்தார் உண்ணும் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியரின் ஆகாரத்தில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்றிருக்க, தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த சென்னை ஆகாரத்து எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. அவருக்குப் பின் அங்கே வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலனும் அவருடைய சகாக்களும் 1971-ல் புதுக்கி அச்சிட்ட அட்டவணைதான் எங்கள் தலைமுறையின் அன்றாடத் துணை. நூறு கிராம் தீட்டிய பச்சரிசி 345 கலோரி, நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம் என்ற எண்கள் தூக்கத்திலும் எங்கள் நாவில் நிற்கும். 2017-ல் வந்த புதிய அட்டவணை சில எண்களை மாற்றிவிட்டதென்றாலும், பழையவை சட்டென்று போகமாட்டேன் என்கின்றன.

உத்தியோகம் கிடைத்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சமையற்கட்டுக்கும் வார்டுக்கும் நடுவே ஒரு மேஜை. விடியற்காலையில் வார்டு வார்டாக நடந்து, உப்பில்லாச் சாப்பாடு இத்தனை, சர்க்கரைக்காரர் சாப்பாடு இத்தனை, கஞ்சி இத்தனை, மூக்குக்குழாய் ஆகாரம் இத்தனை என்று தாளில் குறித்து, சமையல் காண்டிராக்ட்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பாரை வைத்து, உப்பில்லாதவருக்குக் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் கொடுத்துவிடுவார். நோயாளிகள் என்னை "டாக்டரம்மா" என்றார்கள். டாக்டர்கள் என்னைக் "கேன்டீன் மேடம்" என்றார்கள். நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் என் பெயர் கிளார்க்குகளுக்கும் ஸ்டோர் கீப்பருக்கும் இடையில் இருந்தது. இந்த மூன்றில் எதுவும் சரியில்லை என்று நான் ஆட்சேபித்தபோது நிர்வாக அதிகாரி மிகுந்த மரியாதையோடு, "உங்களுக்கு ஏதாவது ரிஜிஸ்டர் நம்பர் இருக்காம்மா? நர்சுக்கு இருக்கு, பார்மஸிஸ்டுக்கு இருக்கு" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குதர்க்கம் ஏதும் இல்லை. சட்டம் அறியாத ஓர் உத்தியோகத்தைச் சம்பளப் பட்டியலில் எங்கே வைப்பதென்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நம்பர் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 1963-ல் டாக்டர் கோபாலனையே முதல் தலைவராகக் கொண்டு ஏற்பட்ட இந்திய உணவியல் சங்கம், முதுகலைப் படிப்பும் ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சியும் முடித்தவர்களுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு 'ஆர்.டி.' என்ற பட்டத்தைத் தந்து வந்தது. நானும் எழுதித் தேறினேன். ஆனால் அது ஒரு சங்கம் தன் அங்கத்தினர்களுக்குத் தரும் கௌரவமே ஒழிய ராஜாங்கத்தின் முத்திரை அல்ல. எழுதியவருக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து, எழுதாதவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறை வந்து, மதிப்பீட்டுக்காரர்கள் வார்டில் நின்று "இந்த நோயாளியின் ஊட்டச்சத்து மதிப்பீடு எங்கே?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் என் மேஜை சமையற்கட்டின் புகையிலிருந்து விலகி ஒரு தனியறைக்குள் போயிற்று.

அந்த அறையில் நான் முதலில் சேகரித்து வைத்தவை புத்தகங்கள் அல்ல, பாத்திரங்கள். எவர்சில்வர் தம்ளர் மூன்று அளவில், குழம்புக் கரண்டி, சாதக் கரண்டி, எண்ணெய்க் கரண்டி, பழைய வீட்டிலிருந்து வந்த ஒரு பித்தளை ஆழாக்கு. "நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விதான் எங்கள் தொழிலின் ஸ்டெதஸ்கோப். அதற்கு மதுரைக்காரர்கள் சொல்லும் முதல் விடை எப்போதும் "ரெண்டு இட்லிதாம்மா" என்பதே. பிறகு கரண்டியைக் கையில் கொடுத்து, "இதில் எத்தனை சாம்பார்?" என்று கேட்டால் கை நீளும், "காலை பத்து மணிக்கு வெளியே போனீர்களா?" என்றால் வடையும் டீயும் வரும், "சாயங்காலம் டவுன்ஹால் ரோடு பக்கம்?" என்றால் பருத்திப்பால் வரும், வெயில் காலமானால் ஜிகர்தண்டா வரும், ராத்திரி பதினொன்றுக்கு அண்ணன் தம்பிகளோடு கறிதோசை சாப்பிட்டது கடைசியில், நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது வரும். தூங்காத நகரத்தில் ராத்திரி ஆகாரத்தைக் கேட்காமல் எழுதுகிற உணவுப் பட்டியல் ஒன்றுக்கும் பிரயோஜனப்படாது. கல்லூரியில் இதற்கு இருபத்து நான்கு மணி நேர நினைவூட்டல் முறை என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் ஆழாக்கின் உபயோகத்தை யாரும் சொல்லித் தரவில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டிமார்கள் கிராமையும் மில்லிலிட்டரையும் கண்டு கலங்குவார்களே தவிர, "நாலு பேத்துக்கு எத்தனை ஆழாக்கு அரிசி?" என்றால் பிசகாமல் கணக்குச் சொல்லுவார்கள். ஆழாக்கு 168 மில்லிலிட்டர் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படி நான் கரண்டி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊருக்குள் எங்கள் தொழிலின் பெயர்ப் பலகைகள் பெருகிக்கொண்டு வந்தன. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் பைபாஸ் ரோட்டிலும் உடற்பயிற்சிக் கூடங்களின் மாடியில், அழகு நிலையங்களின் பக்கத்தில், டப்பாப் பவுடர் விற்கும் சங்கிலி வியாபாரத்தின் காலை நேரக் கிளப்புகளில், எங்கு பார்த்தாலும் 'நியூட்ரிஷனிஸ்ட்'. சிலர் முறையாகப் படித்தவர்கள். சிலர் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள். சிலர் பவுடர் குடித்துத் தங்கள் உடம்பு இளைத்ததையே தகுதியாகக் கொண்டவர்கள். பார்க்க வருகிற ஜனங்களுக்கு வித்தியாசம் தெரிவதற்கு வழியே இல்லை. மூவருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு. மூவர் மேஜையிலும் ஒரே எடை பார்க்கும் மெஷின்.

ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்; இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய் வாரத்துக்கு இரண்டு முறை டயலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். நெஞ்சு படபடக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று ஒரு நாள் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்துக்குள் இருக்க வேண்டியது ஏழை நெருங்கியிருந்தது. இன்னும் சிறிது ஏறினால் இருதயம் நின்றுவிடும் என்ற நிலை. டயலிசிஸ் செய்து இறக்கிய மறுநாள் என்னை அழைத்தார்கள். அவர் மனைவியிடம் வழக்கம்போல் கேள்வி கேட்டேன். "அவுகளுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாகல்லம்மா, அதனால நாங்க சாதா உப்பே போடுறதில்ல. சோடியம் கம்மியான உப்புன்னு ஒருத்தர் வாங்கிக் குடுத்தாரு, அதத்தான் போடுறோம்" என்றார். பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் சேர்ந்திருந்தது பொட்டாசியம் குளோரைடு. சாதாரணமான ரத்தக் கொதிப்புக்காரருக்கு அதனால் நன்மையும் உண்டாகலாம். சிறுநீரகம் கழித்துத் தள்ள முடியாத மனிதருக்கு அது விஷம். அதற்கு மேல் காலையில் கீரைச் சாறு, வெயிலுக்கு இளநீர். இரண்டும் பொட்டாசியச் சுரங்கம். 'கிட்னிக்குப் புரதம் ஆகாது' என்று முட்டையையும் பருப்பையும் அறவே நிறுத்தியிருந்தார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் சாதாரண ஜனங்களை மாத்திரம் அல்ல, அரைகுறையாகப் படித்தவர்களையும் இடறவைப்பது. டயலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தைக் குறைக்கிறோம். உடம்பின் எடை கிலோ ஒன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயலிசிஸ் தொடங்கிவிட்டாலோ, ஒவ்வொரு தடவையும் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதால், அதே மனிதருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கொடுக்க வேண்டும். நேற்று விலக்கியதை இன்று வலியுறுத்த வேண்டும். அவர் ஐம்பது கிலோவுக்கும் கீழே வற்றிப்போயிருந்ததற்கு நோய் பாதி, பத்தியம் பாதி. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையை அந்த அம்மாளுக்குச் சமையற்கட்டிலேயே செய்து காட்டினேன். "சத்தெல்லாம் போயிருமேம்மா" என்றார். போகட்டும் என்றேன்; இவருக்குப் போக வேண்டிய சத்து அது.

பாக்கெட்டோடு ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தது. அதில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்றிருந்தது. கூப்பிட்டேன். மரியாதையான இளைஞர், பதறாமல் பதில் சொன்னார்: "நான் பொதுவா ஆரோக்கியத்துக்குத்தான் மேடம் சொல்றேன். நோய்க்கு நான் எதுவும் எழுதிக் குடுக்கிறதில்லையே." உண்மைதான், அவர் எதையும் எழுதித் தரவில்லை. அன்று மாலை நான் நெடுநேரம் யோசித்தேன்: இந்த மனிதர் மீது யாரிடம் முறையிடுவது? மருத்துவக் கவுன்சிலிடம் போனால் அவர் டாக்டர் அல்லர். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனால் அந்த உப்பில் கலப்படம் ஏதுமில்லை. பாக்கெட்டில் உள்ளதை உள்ளபடி அச்சிட்டிருந்தார்கள். சர்க்கரை நோயையும் உடற்பருமனையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் வருஷத்து மந்திர மருந்துச் சட்டம் இருக்கிறதே என்றால் அவர் விளம்பரமே செய்யவில்லை. உணவியல் சங்கத்துக்கு எழுதலாமென்றால் அவர் அங்கத்தினரே அல்லர். அங்கத்தினராயிருந்தாலும் சங்கத்திலிருந்து நீக்குவார்களே தவிரத் தொழிலை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் ஏது? போய்த் தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை. தகுதி, படிப்பு, பரீட்சை என்று நாங்கள் சங்கக் கூட்டங்களில் பேசி வந்ததெல்லாம் அப்போது எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஒரு தொழிலுக்குப் பதிவேடு வேண்டுமென்பது, அதில் பெயர் இருப்பவரைப் பார்த்து 'இதற்கு நீ ஜவாப் சொல்' என்று கேட்பதற்கு ஓரிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த அபிப்பிராயத்தில் இன்றளவும் எனக்கு மாற்றமில்லை.

2007-லும் 2018-லும் பார்லிமெண்டுக்கு வந்த மசோதாக்கள் தேறவில்லை. கொள்ளைநோய்க் காலத்தின் நடுவில், 2021 மார்ச் மாதம், தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் இரு சபைகளிலும் நிறைவேறி, 28-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதத்தையும் பெற்றது. பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கண் பரிசோதனை என்று ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களைப் பத்து வகையாகப் பிரித்து, அவற்றில் ஊட்டச்சத்து விஞ்ஞானத்தையும் ஒரு வகையாக வைத்தார்கள். ஆஸ்பத்திரி உணவியலாளரும் அதில் அடக்கம். விளையாட்டு வீரருக்கும் பொது ஜனங்களுக்கும் ஆகார யோசனை சொல்பவரும் அடக்கம். மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், அதற்கு ஒரு பதிவேடு, நெறிமுறைக்கும் பதிவுக்குமென்று ஒரு வாரியம். பதிவில்லாதவர் பதிவுள்ளவர்போல் நடித்தால் அபராதம், மறுபடியும் செய்தால் சிறை.

மசோதாவைப் படித்தபோது என்னைப் பெரிதும் திருப்திப்படுத்திய அம்சம் ஒன்று. பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்ற பெயருக்குத்தான் சட்டத்தின் காவல். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நம் சட்டம் இரண்டையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மேலூர்க்காரருக்கு உப்பு வாங்கிக் கொடுத்த இளைஞரின் கார்டு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

சட்டம் வந்ததே தவிர, காரியம் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் ஏற்பட்டிருக்க வேண்டிய மாநிலக் கவுன்சில்கள் பல இடங்களில் மூன்று வருஷமாகியும் ஏற்படாமல், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதத் தவணை கொடுத்து உத்தரவிட வேண்டியதாயிற்று. மறு வருஷம் பல்கலைக்கழக மானியக் குழு, இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக்கூடாதென்று நிறுத்திவிட்டது. உணவியலும் அந்தப் பட்டியலில் இருந்தது. இது சிலருக்குக் கடுமையாகத் தோன்றிற்று. கல்யாணமாகி, குழந்தை வளர்த்து, பின்பு அஞ்சல் வழியில் படித்துத் தொழிலுக்கு வந்த கெட்டிக்காரப் பெண்கள் சிலர் என்னிடமே வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வருந்தினேன். இருந்தாலும், நோயாளியின் கட்டிலருகே நில்லாமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்விஷயத்தில் எதிர்க்கட்சி ஒன்று உண்டு. அதையும் அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. அமெரிக்காவில் உணவியலாளர் சங்கம் 1917-லேயே தொடங்கி, மாகாணந்தோறும் லைசென்ஸ் சட்டங்கள் வந்திருக்கின்றன. வட கரோலினாவில் ஸ்டீவ் குக்ஸி என்ற சர்க்கரை நோயாளி, தாம் மாவுப் பொருள்களைக் குறைத்துத் தேறிய விதத்தை எழுதி மற்றவர்களுக்கும் யோசனை சொல்லத் தொடங்கினார். லைசென்ஸ் இல்லாமல் அப்படிச் சொல்லக்கூடாதென்று 2012-ல் மாகாண வாரியம் ஆட்சேபித்தது. பேச்சுரிமையில் கை வைக்கிறார்கள் என்று அவர் வழக்காட, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்குக்கு இடமுண்டென்று தீர்மானித்தது. ப்ளோரிடாவிலோ, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆகார யோசனை சொன்ன ஒரு பெண்மணி அதே உரிமையைக் கோரியபோது, 2022-ல் நீதிமன்றம் மாகாணச் சட்டமே செல்லுமென்றது. என் அபிப்பிராயம் இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. தன் அனுபவத்தை ஊரறியச் சொல்லுகிற மனிதரைச் சட்டம் தொடக்கூடாது. பிள்ளை பெற்ற மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கிற மாமியாரையும், மருந்தோடு பத்தியம் சொல்லுகிற சித்த வைத்தியரையும் எங்கள் பதிவேட்டைக் காட்டி மிரட்டுவது அசட்டுத்தனம். சித்த வைத்தியருக்கு வேறு பதிவேடு இருக்கவும் இருக்கிறது. நோயுற்ற ஒரு தனி மனிதரின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கி, பணமும் வாங்கி, இதை உண், இதை விடு என்று சொல்லும் கணத்தில்தான் கேள்விக்கு உட்பட வேண்டிய காரியம் தொடங்குகிறது.

இப்போது என்னிடம் வரும் இளம் பெண்கள் கேட்பது வேறு: பதிவு செய்தால் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. யார் உணவியலாளர் என்று சட்டம் சொல்லுகிறது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கைக்கு ஓர் உணவியலாளர் இருந்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. டயலிசிஸ் மெஷின்கள் பெரிய நகரத்தோடு நில்லாமல் சிறிய ஊர்களுக்கும் போய்விட்டன. மெஷினுக்குப் பக்கத்தில் டெக்னீஷியன் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். காய் வெந்த தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்கு ஆள் இருப்பது அபூர்வம். ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் எங்களுக்கு வேலை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் இதே மதுரையின் சிம்மக்கல் பக்கத்து ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் ஆரம்பமாயிற்று. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் தட்டுக்கு வருகின்றன. சட்டத்தின் அட்டவணையில் 'பொது சுகாதார ஊட்டச்சத்தியலாளர்' என்ற பெயரும் இருக்கிறதே, அந்தப் பதிவு பெற்ற ஒருவரை வட்டாரத்துக்கு ஒருவராக நியமித்து அந்தத் தட்டையும் பிள்ளைகளின் எடையையும் சேர்த்துப் பார்க்கச் செய்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு மட்டும் ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: ஆறு மாதப் பயிற்சிக்கான கடிதத்தை ஆஸ்பத்திரி முத்திரையோடும் தேதியோடும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டால் பிறகு அதை வாங்குவது பிரம்மப் பிரயத்தனம்.